கிளியம்மாள் அக்காவின் குதிகால்

1992ஆ, 93ஆ என்று இப்போது எனக்கே சந்தேகம். கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள மேற்குத் தாம்பரத்தில் ஆள் இல்லை. முடிச்சூர் சாலையில் கிளியம்மாள் அக்காவின் எஸ்.டி.டி. பூத் இருந்தது மட்டும் நிச்சயம். துபாய் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, பம்பாய் ஏஜெண்டுக்குப் போன் செய்ய நான் தினமும் போவேன். லைன் கிடைக்காவிட்டால் என்னை உட்காரவைத்துவிட்டு அவரே விடாமல் நம்பரை அழுத்திக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணாடிக் கூண்டின் புழுக்கம்கூட இப்போது வேண்டும்போல இருக்கிறது.

மூன்று வயதில் வந்த போலியோவில் அக்காவின் வலது கெண்டைக்கால் சூம்பி, குதிகால் மேலே இழுத்துக்கொண்டது. விரல் நுனியில்தான் நடை. பாதத்தின் முன்பக்கத்தில் ஆறாத புண். குதிகாலுக்குப் பின்னால் இறுகிக் கிடக்கும் தசைநாணை வெட்டிவிட்டால் பாதம் இறங்கும், ஆறு வாரம் மாவுக்கட்டு போதும் என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்காவின் பயம் வேறு இடத்தில் இருந்தது. பூத், ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்தது. பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்யும் மைதீன் பிச்சை பாய் அதைக் கிளறிவிட்டார்.

"காலு நேராயிட்டா சர்டிபிகேட்டு செல்லாதும்மா. பூத்த புடுங்கிகினு பூடுவான். ரெண்டு காலும் நல்லா கீற நான் இன்னாத்த கிழிச்சிட்டேன்?"

ஒரு மாதம் அக்கா ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. பிறகு, டாக்டர் மலையாளி, இங்கிலீஷில்தான் பேசுவார் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

சர்டிபிகேட் விஷயத்தை நான் கேட்டேன். செத்த தசை செத்ததுதான், கால் சூம்பியபடியே இருக்கும், பாதம் மட்டும் இறங்கும், அதனால் சர்டிபிகேட்டுக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

"சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகாதாம்க்கா" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஏன் ஆகாதாம்?"

தயங்கித் தயங்கி முழுவதையும் சொன்னேன். அக்கா புடவைக் கரையை மடித்து மடித்துப் பிரித்தார்.

"பூத்து பூடும்னு பயந்துகினு இருந்தேன் பாரு தம்பி. அப்டின்னா உள்ளுக்குள்ள, காலு சரியா வந்துடும்னு நம்பிகினு இருந்திருக்கேன்."

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். எனக்கு அதை இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை.

"புண்ணாவது ஆறும்ல? வெட்டச் சொல்லு" என்றார் அக்கா.

ஆறு வாரமும் தங்கை எல்லம்மா பூத்தைப் பார்த்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். நர்ஸ் அக்காவின் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். இருபத்தைந்து வருடமாகத் தரையைத் தொடாத குதிகால் மெல்ல சிமெண்டில் இறங்கியது. அக்காவின் முகம் சுருங்கியது.

"வலிக்குதாக்கா?"

"இல்ல தம்பி. தரை ஜில்லுனு கீது." கீழே பார்த்தபடியே கேட்டார். "உங்களுக்கெல்லாம் தெனமும் இப்டித்தான் இருக்குமா?"