சேலைப் பெட்டிக்குள் போன பதிப்பகச் செய்தி

ஆரணியில் நான் வேலை பார்த்த பட்டுச் சேலைக் கடையின் முதலாளிக்குக் கவிதை எழுதும் பழக்கம் இருந்தது. வெளியூர்ப் பதிப்பகங்கள் எல்லாம் அவர் கவிதைகளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததால், தானே ஒரு பதிப்பகம் ஆரம்பித்துவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. தமிழில் பி.ஏ. முடித்த நான், வெளியூர் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதும் வேலைக்காக அங்கே சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"நீ தமிழ் படிச்ச பொண்ணுதானே? ஒற்றுப்பிழை எல்லாம் தெரியுமில்ல?" என்று ஒருநாள் கேட்டார்.

தெரியும் என்றேன். அந்த ஒரு சொல்லால் மெய்ப்புத் திருத்துபவர், பதிப்பாசிரியர், விளம்பரப் பிரிவு எல்லாமே நானாகிவிட்டேன். மேசை மட்டும் மாறவில்லை. ஜரிகைப் பெட்டிகளுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவிலேயே கிடந்தது.

முதல் வருடம் மூன்று புத்தகங்கள் வெளியிட்டோம். முதலாவது, சொல்ல வேண்டியதில்லை, முதலாளியின் கவிதைகள். அடுத்தது ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் எழுதிய கறவை மாடு வளர்ப்பு. மூன்றாவது, தேவிகாபுரம் வழியாகப் போகும் பேருந்தில் நடத்துநராக இருந்தவரின் கவிதைகள். மாட்டுப் புத்தகம் மட்டும் விற்றது. மற்ற இரண்டும் கடை மாடியில், சேலைகளைவிட நல்ல அலமாரியில் இருந்தன.

முதலாளி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் ஒரு செய்தித்தாள். எங்கள் புதிய புத்தகங்களையும் அவற்றை எழுதியவர்களையும் பற்றி. அதைக் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு சேலைப் பெட்டியிலும் மடித்து வைத்துவிடுவது.

"புஸ்தகக் கடைக்கு யாரும்மா போறாங்க? கண்ணாலத்துக்குச் சேலை எடுக்காம இருப்பாங்களா? சேலையோட சேர்ந்து இலக்கியமும் வூட்டுக்குள்ள பூந்துடும்" என்றார்.

முதல் இதழ் சுலபமாக நிரம்பியது. மூன்று புத்தகங்கள், மூன்று புகைப்படங்கள். இரண்டாவது மாதம்தான் சங்கடம் தெரிந்தது. புதிய புத்தகம் ஏதும் இல்லை. நான்கு பக்கமோ குறையாமல் இருந்தது. எழுத்தாளர்களைப் பற்றிய செய்திகளால் நிரப்பினேன். கால்நடை மருத்துவருக்குக் கண்புரை அறுவை நல்லபடி முடிந்தது. முதலாளி தேசூரில் ஒரு திருமணத்தில் வாழ்த்துப்பா வாசித்தார். அப்படியும் அரைப் பக்கம் மிச்சம். நடத்துநர் கடைக்கு வந்தபோது, "உங்க பஸ்ல ஏதாவது விசேஷம் உண்டாங்க?" என்று கேட்டேன்.

"இன்னா விசேஷம்? நேத்து ரெண்டு பேரு தேவிகாபுரத்துல எறங்காம கோட்டை வுட்டாங்க. அதான் விசேஷம்" என்றார் அவர்.

அந்த இதழில் இப்படி வந்தது: "நம் கவிஞர் ஓடும் பேருந்தில் தம் கவிதைகளை வாசிக்க, மெய்மறந்த பயணிகள் இருவர் தேவிகாபுரத்தில் இறங்க மறந்தனர்."

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் யாரோ ஒருவர் வீட்டில் அந்த மாதம் கல்யாணம் இருந்திருக்கிறது. பத்து நாளில் நடத்துநர் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா இப்படி பேஜார் பண்ணிட்ட? பணி நேரத்துல கவிதை படிச்சதுக்கு விளக்கம் கேக்குறாங்க. அந்த ரெண்டு பேரும் தூங்கிகினு இருந்தாங்கம்மா!"

விளக்கக் கடிதத்தையும் நானேதான் எழுதிக் கொடுத்தேன். "பேருந்தில் கவிதை ஏதும் வாசிக்கப்படவில்லை. அப்படியே வாசித்திருந்தாலும் மெய்மறக்கும்படி அதில் ஒன்றுமில்லை" என்று அவர் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதம்தான், அவருடைய தொகுப்புக்கு வந்த முதல் விமர்சனம்.

அதோடு, உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களைப் பற்றி எதுவும் போடக் கூடாது என்று முதலாளி உத்தரவிட்டார். தம்மைத் தவிர. ஆவணி இதழுக்கு முன்பாக அவரும் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர் ஆள் விட்டுக்கொண்டே இருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலி. அதை நிரப்ப, நானே யோசித்து ஓர் அறிவிப்பை எழுதினேன்.

"விரைவில் வருகிறது! 'முழம் குறைந்த சேலை'. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் மணப்பெண்ணின் பட்டுச் சேலையில் ஒரு முழம் குறைகிறது. வெட்டியது யார்? ஆரணிப் பெண் எழுத்தாளர் ஒருவரின் முதல் நாவல்."

அப்படி ஒரு நாவலும் இல்லை, எழுத்தாளரும் இல்லை. கட்டம் நிரம்பிய நிம்மதியில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

கல்யாணச் சேலைப் பெட்டியைத் திறப்பவர்கள் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஒரு வாரத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "உங்க சேலை மொத்தம் எத்தினி முழம்?" என்று ஒருவர். "ஒரு முழம் கொறையும்னு நீங்களே சீட்டு எழுதி உள்ள வெச்சிருக்கீங்களே, இது இன்னா நியாயம்?" என்று இன்னொருவர். வேலூரில் ஒரு வீட்டில் சேலையைத் தெருவோடு விரித்து அளந்தார்களாம். நான் எல்லாரிடமும், "முழுசா இருக்குங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போயிற்று.

முதலாளி ஊர் திரும்பிய அன்றே சந்தவாசலிலிருந்து ஒரு கும்பல் வந்து இறங்கியது. மணப்பெண்ணின் அப்பா, மாமா, இன்னும் நாலைந்து பேர். அவர்களுக்கு முன்னால், சேலைப் பெட்டியை மார்போடு அணைத்தபடி பெண்ணின் அத்தை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசியையும் பருப்பையும் அளந்து அளந்து, யாரையும் நம்பாத கண்கள்.

"அளந்து காட்டுங்க" என்றார்.

"எங்க கடைச் சேலை குறையாதும்மா. நீங்களே அளந்துக்குங்க" என்றார் முதலாளி. அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

அத்தை தன் முழங்கையால் அளந்தார். அவருக்கு நீளமான கை. பதினொன்றரை முழம்தான் வந்தது. கும்பலில் ஒரு முனகல் எழுந்தது. சேலை மடிக்கும் எங்கள் ஊழியர் குள்ளமானவர். அவர் அளந்தபோது பதின்மூன்று வந்தது. "அப்ப ஒன்றரை முழத்தை யாரு வெச்சிகினு இருக்கீங்க?" என்று மாமா சட்டைக் கையை மடித்துவிட்டார். கடைசியில் மீட்டர் கோலை எடுத்து வைத்து அளந்த பிறகுதான் அமைதி வந்தது. கணக்காக ஐந்தரை மீட்டர்.

"எதுக்கும்மா உங்களுக்கு இந்தச் சந்தேகம்?" என்று முதலாளி கேட்க, அத்தை செய்தித்தாளை விரித்து நீட்டினார். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்தார். நான் ஜரிகைப் பெட்டிக்குப் பின்னால் ஏதோ தேடிக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, இது கதைங்க! நாங்க போடப்போற புஸ்தகம்!"

"கதையா?" அத்தையின் முகம் மாறியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப வெட்னது யாரு?"

மாமாகூட மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது… நாவல் வந்தப்புறம்தாங்க தெரியும்" என்றேன்.

"எப்ப வரும்?"

"தை மாசம்" என்றார் முதலாளி, கொஞ்சம்கூடத் தயங்காமல்.

கிளம்பும்போது அத்தை என் பக்கம் குனிந்து, "எனக்கு இன்னா தோணுதுன்னா, பொண்ணேதான் வெட்டியிருப்பா. வேற யாருக்கு அந்தத் தைரியம் வரும்?" என்றார்.

அவர்கள் போனபின் முதலாளி கேட்டார். "யாரும்மா அந்த ஆரணிப் பெண் எழுத்தாளர்?"

"யாருமில்லீங்க ஐயா. கட்டம் காலியா இருந்துச்சு."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "நீ ஆரணிதானே?" என்றார். "ஆமாங்க." "பெண்ணுதானே?" "ஆமாங்க." "அப்ப ஜல்தியா எழுது. ஆர்டர் எடுத்துட்டு நெய்யாம இருக்க முடியுமா?"

மதிய உணவு வேளைகளில், பழைய கடிதங்களின் முதுகில் எழுத ஆரம்பித்தேன். சேலையை வெட்டியது மணப்பெண்தான் என்று முடிவாகிவிட்டது. ஏன் வெட்டினாள் என்பதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. செய்தித்தாளில் 'விரைவில்' என்றிருந்தது 'மிக விரைவில்' ஆயிற்று. பிறகு 'அச்சில்' என்றானது. அப்போது நான் நான்காம் அத்தியாயத்தில் இருந்தேன். சந்தவாசலிலிருந்து தபால் அட்டைகள் தவறாமல் வந்தன. ஒன்றில் இப்படி இருந்தது: "எங்கள் பெண்ணுக்கு வளைகாப்பும் முடிந்தது. உங்கள் பெண் இன்னும் மணமேடைக்கே வரவில்லையா?" அந்த அட்டையைப் படித்துவிட்டு அன்று சாப்பிடாமல் எழுதினேன்.

ஒரு வழியாகப் புத்தகம் வந்தது. கடை மாடியில் வெளியீட்டு விழா. நடத்துநர் இரண்டு பேருந்து நடைகளுக்கு நடுவில் சீருடையோடு வந்து முதல் பிரதியை வாங்கிக்கொண்டு ஓடினார். முதலாளி தம் கவிதைகளில் ஏழு வாசித்தார். சந்தவாசல் அத்தைக்குப் புத்தகத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். அவரையும் இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டோம்.

அவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். முதல் வாக்கியத்திலேயே, "வெட்னது பொண்ணுதான்" என்று போட்டு உடைத்தார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தை நிறுத்தவில்லை. அவள் ஏன் வெட்டினாள், வெட்டிய துண்டை எங்கே ஒளித்தாள், மாமியார் அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று, பக்கத்துத் தெருவில் நடந்ததைப்போல அரை மணி நேரம் சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுதியதுதான் அது, ஆனால் அடுத்து என்ன வருமோ என்று நானும் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

நடுவில் கதைப் பெண்ணின் மாமனாரைப் பற்றி இரண்டு சம்பவங்கள் சொன்னார். அவை புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இருந்தவற்றைவிட நன்றாக இருந்தன. கையிலிருந்த அழைப்பிதழின் பின்பக்கத்தில் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.