ஒரே வாளியில் இரண்டு ஈஸ்ட்

இரண்டு வகை ஈஸ்டைக் கலப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். வீட்டில் பியர் தயாரிக்கும் நண்பர்களுக்கு இந்த விதியைப் போதித்தவனே நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவுக்குப் போகும்போது செல்வம் அண்ணை, பல வருடம் உயிரோடு காத்த தன் ஈஸ்ட் போத்தலை லண்டன் வால்தம்ஸ்டோவில் என் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

"எடுக்க வருவன். உம்மட விஞ்ஞானத்தை இதில காட்டாதையும்."

"பயப்படாதேங்கோ அண்ணை, எனக்கு முறை தெரியும்."

அவருடையது நல்ல மணம் தரும், ஆனால் மெதுவானது. வேகமான கடை ஈஸ்டோடு சேர்த்தால் மணமும் வேகமும் கிடைக்கும் என்று, போத்தல் முழுவதையும் பியர் வாளியில் கொட்டினேன். கடை ஈஸ்ட் மூன்றே நாளில் சீனியைத் தின்று தீர்த்தது; அவருடையது வளர எதுவும் மிஞ்சவில்லை. அடியில் தங்கிய மண்டியிலிருந்து அவருடையதைப் பிரித்தெடுக்க எத்தனையோ தரம் முயன்றேன். வளர்ந்ததெல்லாம் கடைச் சரக்குத்தான். முறை தெரியாதவன் பயந்தாவது கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பான்.

நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. கடைசியில் அவர் மனைவி எழுதினார்: "அவர் ஆஸ்பத்திரியில இருந்தவர். உங்கட கடிதத்தை நான் வாசிச்சுக் காட்டேல்லை. போத்தல் பத்திரமா இருக்கெண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டார்."

அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்கன்று.