முன்பாரம்

மலேசியாவின் கிள்ளானுக்கு வெளியே வெண்டையும் கங்கோங் கீரையும் பயிரிட்டு வந்த நாகையா, 1984இல் தன் சின்ன டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சுழல் கலப்பை ஒன்று வாங்கினார். நாலடி அகலம் போதும் என்றார் கடைக்காரர். சீக்கிரம் உழுது முடிக்கலாமென்று நாகையா ஐந்தடிக் கலப்பையை எடுத்தார்.

"அப்படின்னா முன்னால இரும்பு வெயிட் மாட்டணும் அண்ணே. இப்ப ஸ்டாக் இல்ல, அடுத்த மாசம் வந்துரும்."

நாகையா காத்திருக்கவில்லை. கலப்பையைத் தூக்கியதுமே டிராக்டரின் முன்சக்கரங்கள் மண்ணைவிட்டு எழும்பின. மனைவி நல்லம்மாள் சிரித்துக்கொண்டே முன்பக்கத்து இன்ஜின் மூடியான பானெட்டின் மேல் ஏறினாள்.

"நான் உக்காந்துக்கிறேன் லா, நீங்க ஓட்டுங்க."

அன்றிலிருந்து உழும்போதெல்லாம் அவள்தான் பாரம். இரும்பு வந்துவிட்டதாகக் கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். வேலைதான் நடக்கிறதே என்று நாகையா போகவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், வரப்போரம் திரும்புவதற்காகக் கலப்பையைத் தூக்கினார். முன்பக்கம் துள்ளியது. ஈரத் தகரத்தில் நல்லம்மாளின் பிடி வழுக்கியது. அவர் பிரேக்கை மிதிப்பதற்குள் முன்சக்கரம் அவள் மார்பில் ஏறிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து டிராக்டரை நகர்த்தியபோது அவள் உயிரோடு இல்லை.

விசாரிக்க வந்த தமிழ் இன்ஸ்பெக்டர், "அவங்க ஏன் அங்க உக்காந்தாங்க?" என்று கேட்டார். மகள் சந்திரகலாதான் சொன்னாள்: "அப்பாவுக்கு வெயிட் வேணும்னு உக்காந்தாங்க சார்."

நாகையா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பாசார் சந்தையில் மூட்டை தூக்கப் போனார். சந்திரகலா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டாள். தினமும் அவருக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கம் வரமாட்டாள்.