பவுனு நொண்டிய ஐப்பசி

தாது வருஷம் ஐப்பசி பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணி. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஏனெனில் அந்த நேரத்தில் பெரியப்பா மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, நான் பள்ளிக்கூடம் போவதில் தமக்குள்ள வெறுப்பை ஒரு சொல்லும் செலவழிக்காமல் தெரிவிப்பது வழக்கம். தூறலில் ஊறிய வாசலில் எங்கள் மட்டக்குதிரையின் குளம்போசை அன்று மாறிக் கேட்டது. மூன்று அடி ஒழுங்காக விழுந்தது; நான்காவது, விழலாமா வேண்டாமா என்று தயங்கிப் பிந்தி விழுந்தது. வண்டிக்குள் ஏறியிருந்த நான் அந்தப் பிந்திய அடியைத்தான் முதலில் கேட்டேன். பிறகுதான் இடது முன்னங்கால் மூட்டு புடைத்திருப்பதைப் பார்த்தேன்.

குதிரையின் பெயர் பவுனு. என் தந்தை வாங்கியது. அவர் காய்ச்சலில் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விட்டுச் சென்றவற்றில் அந்த வீட்டில் யாருக்கும் வேண்டாதவை என்று பெரியப்பா கருதியவை இரண்டு, குதிரையும் நானும். வெண்ணந்தூருக்கும் இராசிபுரத்துக்கும் இடையே, சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய தோட்டத்தில் எங்கள் வீடு இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் இராசிபுரத்தில், மூன்றரை மைல். ஐப்பசியில் எருதுகள் உழவை விட்டு வரமாட்டா. பெண்பிள்ளை சாலையில் நடந்து போவது குடும்பத்துக்கு இழிவு. ஆகவே பவுனு நடந்தால் எனக்குப் படிப்பு, பவுனு நின்றால் படிப்பும் நின்றது. பதினோரு வயதில் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

அந்த வீட்டின் பேச்சு முறையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. கணவனின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவும் பெரியப்பாவும் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, ஒருவர் சொல் மற்றவர் காதில் தெளிவாக விழும்போதே, இருவரும் என்னிடம் சொல்லி என் வழியாகச் சண்டையிட்டார்கள். நான் நடுவில் நின்று, கேட்டதை ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் மறுபடி சொல்வேன். இன்று இலக்கிய வகுப்பில் என் துல்லியத்தைப் பாராட்டுகிறார்கள். அதை நான் கற்ற இடம் பாராட்டுக்குரிய இடமன்று.

அன்றும் அப்படித்தான் நடந்தது. "உங்கம்மாகிட்டச் சொல்லு, மாடு நொண்டுனாக் கட்டிப் போட்டுத் தீனி வெச்சாத் தீந்துது. குதிரைக்கு மட்டும் என்ன, தங்கத்துலயா கால் வெச்சிருக்குது?" என்றார் பெரியப்பா.

அம்மா வாசற்படிக்குள் நின்றபடி, "சாமி, உங்க பெரியப்பாகிட்டக் கேளு. எத்தன நாளைக்குன்னு கேளு," என்றார்.

"நல்லாகற வரைக்கும்."

பவுனை மாட்டுக் கொட்டகையில் எருதுகளுக்கு நடுவே கட்டினார்கள். எங்கள் குடும்பம் எருது அறிந்த குடும்பம். சுற்றுவட்டாரத்தில் காளை வாங்குவோர் பெரியப்பாவை அழைத்துச் சென்று சுழி பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பெருமையே குதிரைக்கு எமனாயிற்று. சோர்ந்த எருதுக்கு எது மருந்தோ அதையே குதிரைக்கும் செய்தார்கள்: அசையவிடாமல் கட்டினார்கள், ஊறவைத்த பருத்திக்கொட்டையை அளவின்றி வைத்தார்கள், கோமியமும் மழையும் கலந்த ஈரத்தில் இரவும் பகலும் நிறுத்தினார்கள். பவுனின் வயிறு பெருத்தது, மூட்டும் பெருத்தது. ஐந்தாம் நாள் அது காலை ஊன்றவே மறுத்தது. நான் வீட்டில் இருந்தேன். பெரியப்பாவின் மருமகள் என்னைச் சாணி அள்ளச் சொல்லிவிட்டு, "பாடப்பொஸ்தகத்துல இதுக்கு என்ன பேரு அம்மிணி?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, லாடம் கட்டுகிறவன் வந்தான். லாடம் தேய்ந்ததால்தான் நொண்டுகிறது என்பது பெரியப்பாவின் புதிய தீர்ப்பு. "உங்கம்மாகிட்டச் சொல்லிரு. லாடக்காரன் வந்திருக்கறான், குதிரையக் கவுத்துப் போட்டுத்தான் அடிக்கோணும்," என்றார். நான் உள்ளே போய், "லாடக்காரன் வந்திருக்கறான்" என்பதை மட்டும் சொன்னேன். பின்பாதியைச் சொன்னால் இன்னொரு சண்டைக்கு நடுவில் நிற்க வேண்டுமே என்று அதை விழுங்கினேன். அந்த வீட்டில் நான் குறைத்துச் சொன்ன செய்தி அது ஒன்றுதான்.

எருதுக்கு லாடம் கட்டுவதென்றால் கயிற்றால் கால்களைப் பிணைத்துத் தரையில் சாய்த்துக் கட்டுவார்கள். எருது அதற்குப் பழகியது. குதிரைக்கு நிற்கவைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கட்ட வேண்டும் என்பதை அந்த வாசலில் இருந்த எவரும் அறியவில்லை. அறியவில்லை என்பதையும் அறியவில்லை. நால்வர் கயிற்றை இழுத்தார்கள். பவுனு விழுந்த ஓசை நெல்மூட்டை விழுந்த ஓசைபோல் இருந்தது. கயிற்றைத் தளர்த்தியபோது அது எழ முயன்றது, இடது முன்னங்கால் மடிந்தது, மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை முயலவில்லை. லாடக்காரன் சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தான்.

அப்போதுதான் அம்மா, நான்கு ஆண்கள் நிற்கும் வாசலுக்கு முதன்முறையாக இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல் பெரியப்பாவின் முகத்தையே பார்த்து, "ராவுத்தருக்கு ஆளனுப்புங்க," என்றார். குதிரை விழுந்ததைவிட அதுவே பெரியப்பாவுக்குப் பெரிய அதிர்ச்சி. ஆள் போயிற்று.

ராவுத்தர் இராசிபுரத்தில் ஜட்கா குதிரைவண்டி ஓட்டுகிறவர். அன்பாகப் பேசத் தெரியாதவர். வந்தவர் முதலில் கயிறுகளைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க கவுண்டரே, மாட்டு மாதிரிக் கவுத்துப் போட்டாச்சு. அடுத்து என்ன, கொம்பு சீவிப் பொங்கலுக்கு வண்ணம் அடிக்கப் போறீங்களா?"

"வந்த வேலையப் பாரு," என்றார் பெரியப்பா.

"வேலை செஞ்சு வெச்சவரு நீங்க. நான் அதைப் பிரிக்கத்தான் வந்திருக்கறேன்."

வழுக்கும் தரையில் கோணிகளை விரிக்கச் செய்து, பவுனை நல்ல பக்கமாகப் புரட்டி, முன்னங்கால்கள் இரண்டையும் நேரே நீட்டிவைத்து, கழுத்தைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டாம் முயற்சியில் அது எழுந்து, மூன்று காலில் நடுங்கி நின்றது. பல்லைப் பார்த்துவிட்டுப் பதினெட்டு வயதுக்குக் குறையாது என்றார். பிறகு அம்மாவை நோக்கி, திட்டுகிற குரலிலேயே, "நோவு கால்ல இல்லீங்கம்மா, வயசுல இருக்குது. மூட்டு தேஞ்சு போச்சு. வயச இறக்கறதுக்கு எங்கிட்ட மருந்து இல்லீங்க. ஈரத்துல நிறுத்தாதீங்க, மணல் போடுங்க. உப்பு ஒத்தடம் குடுங்க. பருத்திக்கொட்டைய உங்க மாட்டுக்கே வெச்சுக்குங்க. கட்டியே போட்டீங்கன்னா மூட்டு பூட்டிக்கும். பையப் பைய நடத்துங்க. எந்திரிச்சதும் மோசமா நொண்டும்; ஒரு நாழி நடந்தா நோவு கொஞ்சம் உடும்," என்றார். குளம்பின் முன்விளிம்பைச் சீவிக் குறுக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அவர் போனபின் பெரியப்பா தம் குரலைத் திரும்பப் பெற்றார். கட்டிலில் உட்கார்ந்து, பழைய வழக்கத்துக்கே திரும்பி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்கம்மாகிட்டச் சொல்லு. நாளைக்கு ஆறே காலுக்கு நான் இங்க உக்காந்திருப்பேன். அது என் கண்ணு முன்னால நொண்டாம ரோட்டுக்குப் போனா, புள்ள பள்ளிக்கூடம் போவட்டும். இல்லீன்னாச் சூடு போடறவன் வருவான். காலுக்கு ஒரு சூடு போட்டு, ரெண்டையும் ஊட்டோட கட்டிப் போடு."

ரெண்டையும் என்றார். நான் அதையும் ஒரு சொல் குறையாமல் அம்மாவிடம் சொன்னேன்.

அன்று மாலை அம்மாவும் நானும் ஓடையிலிருந்து மணல் சுமந்தோம். வேறு யாரும் கூடை தொடவில்லை. வண்டி நிறுத்தும் சாய்ப்பில் மணலைப் பரப்பி, பவுனை அங்கே கொண்டுவந்து, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து அந்த மூட்டில் வைத்து வைத்து எடுத்தோம். "பொறு சாமி, பொறு," என்றார் அம்மா. என்னையும் அவர் அப்படித்தான் அழைப்பார். கவிழ்த்துப் போடுவார்கள் என்பதை நான் சொல்லாமல் விட்டேன் என்று அப்போது சொன்னேன். அம்மா மூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "இனிமே யாரு சொல்லையும் சுமக்காத," என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் பவுனு நான்கு ஆண்டுகள் இருந்தது, ஓடவில்லை, நடந்தது. இப்போது அந்தச் சாய்ப்பில் பெரியப்பாவின் மகனுடைய லாரி நிற்கிறது. மணல்மீது எண்ணெய் படிந்து கருத்துவிட்டது. இராசிபுரத்தில் ராவுத்தரின் ஜட்காவும் இல்லை. பெரியப்பா இருக்கிறார். இரண்டு முழங்காலும் வீங்கி, அசைந்தால் வலிக்கிறதென்று அவரே தம்மைக் கட்டிலோடு கட்டிப் போட்டுக்கொண்டுவிட்டார். மருமகள் வேளை தவறாமல் தீனி வைக்கிறாள். சென்ற விடுமுறையில் பெரியப்பா, "படிச்ச புள்ள, இதுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். அதற்காக இதை எழுதும்போதும் நான் வருந்தவில்லை.

பெரியப்பா கெடு வைத்த அந்த வியாழக்கிழமைக் காலையில், நான் ஐந்து மணிக்கே எழுந்தேன். பவுனு முதல் அடிகளில் பார்க்க முடியாதபடி நொண்டியது. வீட்டுக்குப் பின்னால், தரிசுக் காட்டின் வரப்போரத்தில், அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பையப் பைய நடத்தினேன். கிணறு வரை ஒரு முறை, திரும்ப ஒரு முறை, மறுபடியும். கண்ணால் பார்க்கவில்லை, காதால் எண்ணினேன். ஐந்தாம் சுற்றில் பிந்திய அடி மற்ற மூன்றையும் ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. நொண்டல் போகவில்லை; கேட்டால் தெரியும், பார்த்தால் தெரியாது. பெரியப்பா எதையும் கேட்கிறவர் அல்லர்.

ஆறே காலுக்கு அவர் கடிகாரத்தை எடுத்துச் சாய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் காட்டுப் பக்கமிருந்து வந்து அவர் கட்டிலைக் கடந்தோம். புத்தகப் பை பவுனின் முதுகில் இருந்தது. அவர் அதன் கால்களையே பார்த்தார். பிறகு, "வண்டி எங்க? நடந்தா போற? பொட்டப்புள்ள ரோட்டுல குதிரையப் புடிச்சுட்டு... உங்கம்மாகிட்டப் போயிச் சொல்லு," என்று தொடங்கினார்.

அம்மா வாசற்படியில் நின்றிருந்தார், பத்தடி தூரத்தில்.

"அம்மா அங்கதானுங்க பெரீப்பா நிக்கறாங்க. நீங்களே சொல்லிக்குங்க," என்றேன், கயிற்றைக் கைமாற்றிப் பிடித்து, இராசிபுரம் சாலையில் திரும்பினேன்.