சுற்றி ஓடிய ஒன்றரைக் கிலோமீட்டர்

கடந்த வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது செல்வி அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் அழைத்தார். "தம்பி, செல்வி எழுந்திரிக்கலப்பா. டாக்டரு வந்து பாத்துட்டாரு. போயிட்டா." சரிண்ணே என்றேன். மற்றொரு காலுக்கும் கயிற்றைக் கட்டினேன். நாங்கள் தினமும் காலையில் ஓடுவதற்குக் கூடும் ரயில்வே கேட் வரை நடந்து போய், அங்கே நின்றவர்களிடம் சொன்னேன். பிறகு என் உரக்கடையைத் திறந்து மூன்று பேருக்கு யூரியா விற்றேன். மூன்றாவது ஆளுக்குச் சில்லறை கொடுக்கும்போதுதான் கடையை மூட வேண்டும் என்று தோன்றியது. அழுகை அன்றும் வரவில்லை, இதை எழுதும் இன்றும் வரவில்லை.

செல்வி அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநராக இருந்தார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நாங்கள் இருபது பேர் ஞாயிறுதோறும் ஓடும் தடங்கள் அத்தனையும் அவர்கள் போட்டவை. ஐம்பத்து நான்கு வயது. ஓடுகிறவருக்கு எப்படி மாரடைப்பு என்று வீட்டு வாசலில் ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் ஓட வந்த கதையை அவர்களே சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பெரியவர் ஒருவரிடம், தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ நடக்கிறியாம்மா?" என்றாராம். மறுநாள் நடக்க ஆரம்பித்தவர்கள், மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்போது வயது நாற்பத்து ஏழு.

எங்களோடு சேர்ந்தபோது நாங்கள் புறவழிச்சாலையோரம் லாரிப் புகையைக் குடித்தபடி ஓடிக்கொண்டிருந்த கும்பல். "இதுக்கு வூட்லயே அடுப்பாண்ட நிக்கலாமே" என்றார்கள் அக்கா. பிறகு தடம் போடும் வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். செஞ்சிப் பாறைகள் தெரியும் மேடுகள், கெடார் பக்கத்துக் கரும்புக்காட்டு வண்டிப்பாதை, நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே ஏறி இறங்கும் செம்மண் ரோடு, ஏரிக்கரைகள் என்று வாரம் ஒரு பக்கம். முதல்நாள் தம் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்து, திருப்பங்களில் கோலமாவால் அம்புக்குறி போட்டுவிட்டு வருவார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. எந்தக் கிராமத்துக்குள் போனாலும் தடம் ஊர்த்தெரு வழியாகவும் போக வேண்டும், காலனி வழியாகவும் போக வேண்டும். "ரெண்டு பக்கமும் பாத்தாத்தான் அந்த ஊரப் பாத்ததா அர்த்தம்" என்பார்கள். அக்கா பிறந்தது காலனியில்.

மேல்மலையனூர்ப் பக்கம் ஓடிய நாளைச் சொல்லாவிட்டால் அக்கா கோபித்துக்கொள்வார்கள். அமாவாசைக்கு மறுநாள் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அக்கா ஒரு முச்சந்தியில் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் இலைமேல் எலுமிச்சம்பழங்களை அறுத்து உப்புத் தடவி வைத்திருந்தார்கள். ஓடி வருகிறவர்கள் சப்பிவிட்டுப் போகத்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதைச் சுற்றி எட்டடி தள்ளி ஊரே நின்றது. யாரோ யாருக்கோ கழித்துப் போட்டது என்று முடிவாகி, பூசாரிக்கு ஆள் போயிருந்தது. இது எதுவும் தெரியாத எங்கள் பாஸ்கர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், ஒரு பழத்தை எடுத்து வாயில் பிழிந்தான். புல்லுக்கட்டோடு நின்ற ஒரு அம்மா, "அய்யய்யோ, கழிப்ப எடுத்துத் துன்றானே! யாரு பெத்த புள்ளையோ!" என்று அலறிவிட்டார்கள். அக்கா ரோட்டோரத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்புறம் எழுந்துபோய், அந்த அம்மாவிடம் பொறுமையாக விளக்கி, அவர்கள் வீட்டிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகு எலுமிச்சம்பழத்தை ரோட்டில் வைப்பதில்லை. ஊருக்கு ஒரு வீட்டில் கொடுத்து வைப்போம். இப்படித்தான் எல்லா ஊரிலும் அக்காவுக்கு ஒரு வீடு அமைந்தது.

எங்கள் ஊரில் மட்டும் அமையவில்லை. அக்கா நினைவாக இந்தக் கட்டுரையை எங்கள் ஓட்டக்காரர்கள் எழுதச் சொன்னபோது, இந்த இடம் வரும் என்று எனக்குத் தெரியும்.

நான் திண்டிவனத்தில் குடியிருந்தாலும் எங்கள் நிலமும் பெரிய வீடும் ஊரில்தான் இருக்கின்றன. ஆறு வருடத்துக்கு முன் அக்கா எங்கள் ஊர் வழியாக ஒரு தடம் போட்டார்கள். காலனி, அடுத்து எங்கள் தெரு, கோயில், பிறகு மெயின்ரோடு. சித்தப்பா காதுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"நீ யார வேணா கூட்டிக்கினு ஓடு, நான் கேக்கல. அந்த மாத்திரை குடுக்கிற பொம்பள நம்ம தெருவுல, கோயிலு முன்னாடி, ஷூ போட்டுக்கினு ஓட வேணாம். அப்புறம் பேஜாரா பூடும்."

அந்தக் கையிலிருந்துதான் அவர் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டிருக்கலாம். இது என்ன காலம் என்று கேட்டிருக்கலாம். நான் தலையைக் குனிந்தபடி வெளியே வந்து, அக்காவுக்கு போன் செய்தேன். "எங்க தெருவுல பைப்பு போடத் தோண்டிட்டாங்கக்கா. ஏரிக்கரை பக்கமா சுத்திக்கினு போயிடலாம்."

"சரி தம்பி. ஏரிக்கரையும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்கள்.

எங்கள் தெரு நானூறு மீட்டர்கூட இருக்காது. ஏரிக்கரையாகச் சுற்றினால் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல். ஆறு வருடமாக அந்தத் தடத்தில் ஓடும்போதெல்லாம் அதைச் சுற்றினோம். முட்டிவலி வந்த வருடத்திலும் அக்கா சுற்றினார்கள். எந்த ஊரிலும் ஆறு வருடம் பைப்பு போட மாட்டார்கள். அக்கா ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பினேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தோணி அண்ணனைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்தார். வேறு யாரும் இல்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், எங்கள் ஊர்த் தடத்தைப் பற்றி ஏதோ இழுத்தேன்.

"அவளுக்குத் தெரியும் தம்பி" என்றார் அண்ணன். "அவங்க அம்மா உங்க ஊருக்கு நாத்து நட வந்தவங்க. அந்தத் தெருவாண்ட வந்தா செருப்பக் கழட்டிக் கையில புடிச்சிக்கினு போவாங்களாம். பைப்பு வேலைன்னு நீங்க சொன்ன அன்னிக்கே அவளுக்குப் புரிஞ்சி போச்சி. நான்தான் சண்டை போட்டேன், நேரா கேக்க வேண்டியதுதானேன்னு. 'வேணாம்பா, தம்பியே ஒருநாளு சொல்லுவாரு, பாக்கலாம்'னா. உங்க ஊரு பக்கம் ஓடிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் நான் கேப்பேன், இன்னிக்குச் சொன்னாரான்னு. இல்லன்னு சிரிப்பா."

அவர் என்னைத் திட்டவில்லை. காபியை ஆற்றிக் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

அங்கிருந்து நேரே ஊருக்குப் போனேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா நினைவாக எங்கள் தெரு வழியாக ஓடப் போகிறோம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் சேர்த்து வைத்திருக்க வேண்டிய தைரியத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டு, எந்தச் சண்டைக்கும் தயாராக நின்றேன். சித்தப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"செத்துப் போச்சா? அடப் பாவமே, நல்ல பொம்பள. ஓடுங்க, தாராளமா ஓடுங்க. அதான் அந்தம்மா இல்லியே, இனிமே என்ன?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. "அவங்க வீட்டுக்காரரு முன்னாடி வருவாரு, சித்தப்பா. அவரால ஓட முடியாது. நாங்க எல்லாம் அவர் பின்னாடி நடந்துதான் வருவோம்" என்றேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அது சம்மதமா இல்லையா என்று நான் கேட்கவில்லை. இனி கேட்பதாகவும் இல்லை.

அக்கா, எங்கள் தெருவில் எந்த பைப்பு வேலையும் நடக்கவில்லை. உங்களை அந்தத் தெருவில் விட மாட்டோம் என்றார்கள். நான் அவர்களிடம் வாயைத் திறக்காமல் உங்களிடம் பொய் சொன்னேன். நான் சொல்வேன் என்று ஆறு வருடம் காத்திருந்தீர்கள். ஏரிக்கரையில் நாம் இரண்டு பேர் மட்டும் ஓடிய காலைகள் எத்தனையோ இருந்தன. அப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது என்று சும்மா ஓடினேன். இப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், நீங்கள்தான் இல்லை. போய் வாருங்கள் அக்கா.