குழாயின் தலையில் இரும்பு

ஆய்வுகூடத் தரையில் அந்தப் போத்தல் உடைந்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. கைதவறி விழுந்ததல்ல. எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதைத் தலைக்குமேல் தூக்கி, முழுப் பலத்தோடு அடித்தார். கண்ணாடித் துண்டொன்று என் முழங்காலைக் கிழித்தது. ஒருநாளும் குரலுயர்த்தாத மனிதர் அவர். அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. பனங்கரியை உலையில் வைத்து, மேலே வாயுவைச் செலுத்தி, காபன் நானோ குழாய்களை வளர்க்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாகக் கிடைத்தது வெறும் புகைக்கரி. இன்னும் ஒரு தவணைதான் என்று பேராசிரியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். என் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணை ஒரு போத்தல் கரி கொண்டுவந்து தந்தார். மயிலிட்டியில், போர் முடிந்து இராணுவம் திருப்பித் தந்த தன் வளவைத் துப்புரவாக்கும்போது எரித்த பழைய பனங்குற்றி என்றார்.

அந்தக் கரியில் குழாய்கள் வளர்ந்தன. இலத்திரன் நுணுக்குக்காட்டியின் திரையில் ஆயிரமாய்ப் பின்னிக் கிடந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கரும்புள்ளி. மூலகப் பகுப்பாய்வு அதை இரும்பு என்றது. குழாயை வளர்த்ததே அந்த இரும்புதான். மரத்துக்குள் அது எப்படி வந்தது என்று யோசிக்க எனக்குப் பொறுமையில்லை. ஓடிப்போய் அண்ணையைக் கூட்டிவந்தேன்.

"அண்ணை, இரும்பு! அந்தப் பனங்குத்தி இன்னும் மிச்சம் கிடக்கோ?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது நாங்கள் பதுங்கின பங்கருக்கு மேலை அடுக்கின குத்தி, பிள்ளை. ஷெல் அதிலைதான் விழுந்தது. உள்ளுக்கை என்ரை மகள் இருந்தவள்." ஒரு புள்ளியில் விரலை வைத்தார். "அவளுக்கும் தலையிலைதான் ஷெல் துண்டு ஏறினது. எரிச்சால் எல்லாம் போயிடும் எண்டு நினைச்சன்."

பிறகுதான் போத்தலை எடுத்தார். உடைத்ததோடு நிற்கவில்லை. கரியையும் கண்ணாடியையும் காலால் நசுக்கினார், உலையை உதைத்துச் சாய்த்தார், நெற்றி பிளக்கும்வரை சுவரில் முட்டினார். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நேரத்திலும் தரையில் எவ்வளவு கரி மிஞ்சும் என்றுதான் என் கண் தேடியது.

நுணுக்குக்காட்டிக்குள் இருந்த துளி ஆய்வேட்டுக்குப் போதுமாக இருந்தது. இரும்பு வந்த வழியை 'மரத்திலிருந்த மாசு' என்று எழுதிப் பட்டம் வாங்கினேன். அண்ணை அதன்பிறகு வேலைக்கு வரவேயில்லை.

இன்று அதே கூடத்தில் நான் விரிவுரையாளர். போத்தல் உடைந்த இடத்தில், தரைக்கல் இடுக்கில் கறுப்பு இன்னும் இருக்கிறது. போன கிழமை மாணவி ஒருத்தி ஊசியால் அதைக் கிண்டினாள். "உந்தக் கரியையும் உலையிலை வைச்சுப் பாப்பமா, மிஸ்?" என்றாள். ஓங்கி அவள் கையில் அடித்துவிட்டேன். ஊசி தெறித்து விழுந்தது. ஏன் அடித்தீர்கள் என்று அவள் அழுதாள்.

"அதுக்குள்ளை ஒரு பிள்ளை இருக்கிறாள்" என்றேன்.