சோப்புத்தூளில் ஒளிர்ந்த ஐந்நூறு ரூபாய்

எளாவூரில் ஒரு வங்கிக் கிளையில், கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது ஃபோன் வந்தது. பத்து நாளாக மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் இருந்த, என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா காலையில் இறந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் கேஷியர் கேட்டார்: "ஸ்டெல்லா மேடம் வரலியா சார்? அவங்க கை வெச்சா ஆறு மாசத்துக்குத் தொந்தரவு இல்ல." இன்றைக்குமா இந்தப் பெயர் என்று எனக்கு எரிந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

அவரை அறிந்த உங்களிடம் இதை மறைப்பதற்கில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் சர்வீஸ் கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே வேலை, ஒரே ரயில். வங்கிகள் மட்டும் அவரைத்தான் கேட்டன.

ஒருமுறை, பழவேற்காட்டில் நண்டு விற்கும் பெண் ஒருவர் வங்கியில் கட்ட வந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை இயந்திரம் தள்ளிவிட்டது. அன்று காலைதான் நான் அந்த இயந்திரத்தைச் சோதித்திருந்தேன். "மிஷின்ல தப்பே இல்ல சார், இது கள்ள நோட்டுதான்" என்று மேலாளரிடம் அடித்துச் சொன்னேன்.

"போலீசு கீலீசுன்னு போவாதீங்க நைனா, எனக்கு இன்னா தெரியும்?" அந்தப் பெண் கெஞ்சினார்.

உதிரிபாகம் கொடுக்க வந்திருந்த ஸ்டெல்லா நோட்டை வாங்கித் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இத்த துணியோட தொவைச்சிட்டியாமா?"

"ஆமா மேடம், ஊட்டுக்காரரு சட்டைல இருந்துச்சி."

சோப்புத்தூள் ஏறிய நோட்டு புற ஊதா ஒளியில் பளிச்சென்று ஒளிரும்; இயந்திரம் ஏமாந்துவிடும். நோட்டு நல்ல நோட்டு. எல்லார் முன்னாலும் ஸ்டெல்லா என்னிடம் சொன்னார்: "மிஷின் சந்தேகம்தான் படும் குமாரு. விசாரிக்கிறது நம்ம வேலை."

மறுநாளே, வங்கியின் முடிவில் ஸ்டெல்லா தலையிடுகிறார் என்று கம்பெனிக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். மூன்று மாதம் அவரை வெளியே அனுப்பாமல் பட்டறையில் உட்காரவைத்தார்கள். அவருடைய கிளைகளுக்கெல்லாம் நான் போனேன். போன இடமெல்லாம் அவரைத்தான் விசாரித்தார்கள்.

ஒரு நாள் ரயிலில் எதிரே உட்கார்ந்து கேட்டார்: "லெட்டர் போட்டது நீதானே?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நேரா திட்டியிருக்கலாமே குமாரு. உன்ன மாதிரி சால்டரிங் வைக்க எனக்கு வரல. உன்னாண்ட கத்துக்கலாம்னு இருந்தேன். இனிமே எப்பிடிக் கேப்பேன்?"

'இப்பவே வா, சொல்லித் தர்றேன்' என்று நான் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

அடக்கத்தன்று சர்ச் வாசல்வரை கேஷியர்கள் நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். மன்னிப்புக் கேட்காமலே அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறாமைதான். யார்மேல் வைப்பதென்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.